ஆள்மாறாட்டம் செய்யும் ஜொய்ஸ்டிக்

கண்டி டவுனில் கடைக்குள் போய் "கேம் கொன்ட்ரோலர் இருக்கா?" என்று கேட்டால் பையன் கொஞ்சம் யோசிப்பான். "ஜொய்ஸ்டிக்" என்றால் உடனே கை மேல்தட்டுக்குப் போகும். நான் வாங்கியதும் அப்படி மேல்தட்டிலிருந்து தூசி தட்டி இறக்கியதுதான். கம்பி இல்லாதது. பத்தாயிரத்துக்கு நூறு ரூபாய் குறைவு. விண்டோஸ், அன்ட்ரொய்ட், ஸ்விட்ச் என எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கம்பனியின் பெயரை எழுதப்போவதில்லை. சொன்னாலும் அடுத்த மாதம் வேறு பெயரில் வரும்.

ஐந்து வாரமாகக் கையில் இருக்கிறது. பிடி நன்றாக அடங்குகிறது. ஸ்டிக் இரண்டும் ஹோல் எஃபெக்ட் வகை. காந்தத்தை வைத்து அளப்பதால், உள்ளே கார்பன் தடம் உராய்ந்து தேய்ந்து, தொடாமலே ஆள் ஒரு பக்கமாக நகரும் அந்தப் பழைய வியாதி இதற்கு இலேசில் வராது. பற்றரி ஒரு சனி ஞாயிறைத் தாங்குகிறது. குறை ஒன்றே ஒன்று: தான் யார் என்பது இதற்கு ஞாபகம் இருப்பதில்லை.

ஹோம் பட்டனோடு எக்ஸைச் சேர்த்து அழுத்தி எழுப்பினால் இது விண்டோஸுக்கு எக்ஸ்பொக்ஸ் கொன்ட்ரோலர். வையோடு சேர்த்தால் ஸ்விட்ச் கொன்ட்ரோலர். ஹோமை மட்டும் அழுத்தினால் அன்ட்ரொய்ட் போனுக்கான சாதா கேம்பேட். மூன்று வேடத்திலும் நான்கு சின்ன விளக்குகள்தான் எரிகின்றன. எது எந்த வேடம் என்பதற்கு, விளக்கு எந்த வரிசையில் மினுக்குகிறது என்று பார்த்துக்கொள்ளச் சொல்கிறது கைநூல். கைநூலின் எழுத்து அரிசியில் எழுதும் அளவு.

கொம்பியூட்டருக்கு இதெல்லாம் ஏன் தேவை? செருகினால் வேலை செய்ய வேண்டியதுதானே? இங்கேதான் இருபது வருடத்துக் கதை இருக்கிறது. முன்பு விண்டோஸில் டைரக்ட்இன்புட் என்று ஒரு வழி இருந்தது, இன்னும் இருக்கிறது. எட்டு அச்சு வரை, 128 பட்டன் வரை எதை வேண்டுமானாலும் கொண்டுவா என்று வாசலைத் திறந்து வைத்த தாராளம். விமான ஸ்டிக்கும் வரலாம், கார் ஸ்டியரிங்கும் வரலாம். ஆனால் மூன்றாம் பட்டன் என்றால் அது கையில் எங்கே இருக்கிறது என்று கேமுக்குத் தெரியாது. விளையாடுகிறவர்தான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். 2005இல் எக்ஸ்பொக்ஸ் 360 வந்தபோது மைக்ரோசொப்ட் எக்ஸ்இன்புட் என்ற புது வழியைப் போட்டது. இரண்டு ஸ்டிக், இரண்டு ட்ரிகர், ஒரு திசைப் பட்டன், ஏ பி எக்ஸ் வை. எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும், அதிகபட்சம் நான்கு பேர். கேம் எழுதுகிறவர்களுக்கு நிம்மதி. அன்றிலிருந்து கொம்பியூட்டருக்கு வரும் கேம்களில் பெரும்பாலானவை எதிர்பார்ப்பது அந்த 360ஐத்தான். மற்றவர்கள் எல்லாரும் அதன் வேடத்தில் வர வேண்டும். சோனியின் டுவல்ஷொக் 4ஐ விண்டோஸில் ஓட்டப் பலரும் போட்டுக்கொள்ளும் டிஎஸ்4விண்டோஸ் செய்வதும் இதைத்தான்: முக்கோணமும் வட்டமும் போட்ட கொன்ட்ரோலரை 360 என்று அறிமுகப்படுத்திவைப்பது.

அடையாள அட்டையைப் பற்றி எங்கள் தலைமுறைக்கு விளக்க வேண்டியதில்லை. பாண் வாங்கப் போனாலும் சட்டைப்பையில் அது இருக்கிறதா என்று அம்மா வாசல் வரை வந்து பார்த்த காலம் ஒன்று இருந்தது. யூஎஸ்பியில் செருகும் ஒவ்வொரு சாமானுக்கும் அப்படி ஓர் அட்டை உண்டு; கம்பனிக்கு ஓர் எண், சாமானுக்கு ஓர் எண். மைக்ரோசொப்ட்டின் எண் 045ஈ. 360இன் கம்பிக் கொன்ட்ரோலருக்கு 028ஈ. என் சாமானை எக்ஸ் வேடத்தில் எழுப்பி, டிவைஸ் மனேஜரைத் திறந்து பார்த்தேன். பத்தாயிரம் ரூபாய்க்கு வந்த இந்த அநாமதேயம் கொஞ்சமும் கூச்சமில்லாமல் அதே இரண்டு எண்ணையும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விண்டோஸுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

வேடம் மாறினால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. விண்டோஸில் ரன் கட்டத்தில் ஜோய் டொட் சிபிஎல் என்பதன் ஆங்கில எழுத்துகளை அடித்தால் ஒரு பழைய சாம்பல் நிறப் பெட்டி திறக்கும். ஸ்டிக்கை அசைத்தால் ஒரு கூட்டல் குறி நகரும், பட்டனை அழுத்தினால் சிவப்பு வட்டம் எரியும். எக்ஸ்பொக்ஸ் வேடத்தில் இருக்கும் கொன்ட்ரோலரை இந்தப் பழைய வாசல் வழியாகப் பார்க்கும்போது இரண்டு ட்ரிகருக்கும் சேர்த்து ஒரே ஒரு பட்டைதான் தெரியும். இடது ட்ரிகரை அழுத்தினால் பட்டை ஒரு முனைக்கு ஓடுகிறது. வலதை அழுத்தினால் மறு முனைக்கு. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் நடுவில் வந்து நின்றுவிடுகிறது, எதையுமே தொடாததுபோல.

கண்டியில் வண்டி ஓட்டப் பழகியவர்களுக்கு இதன் அநியாயம் புரியும். கடுகண்ணாவை ஏற்றத்தில் முன்னால் போகும் லொறி நின்றுவிட்டால் நாம் என்ன செய்வோம்? பிரேக்கை விடாமல் அக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்துப் பார்ப்போம். பழைய கார் கேமில் இந்தக் கொன்ட்ரோலரோடு அதைச் செய்தால் பிரேக்கும் இல்லை, அக்சிலேட்டரும் இல்லை, வண்டி பின்னால் உருள்கிறது. டைரக்ட்இன்புட்டை நம்பி எழுதிய கேம்களுக்கெல்லாம் இந்த வில்லங்கம் பொது. சான் அன்ட்ரியாஸ் கேமின் 2005 கொம்பியூட்டர் பதிப்புக்கு இதைச் சரிசெய்யவென்றே ரசிகர் ஒருவர் ஜீஇன்புட் என்ற இணைப்பை எழுதிவைத்திருக்கிறார்.

இனி ஞாபகமறதிக்கு வருவோம். 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் இருட்டில் இருந்த நாட்டுக்கு இப்போதைய மின்வெட்டெல்லாம் கொசுக்கடி. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்கக் கரண்ட் போனதற்குப் பாணந்துறை உபமின் நிலையத்தில் புகுந்த குரங்குதான் காரணம் என்று அமைச்சரே சொன்னார். உடவத்தகலைக் காட்டுக்குக் கீழே குடியிருக்கும் நான் அதை உடனே நம்பினேன்; எங்கள் கூரையில் தினமும் அவர்கள்தான். ஆனால் ஐந்து நிமிடம் கரண்ட் போய் வந்தாலும் போதும், கொம்பியூட்டரில் செருகியிருக்கும் குட்டி டொங்கிள் உயிர் விட்டு எழும்பும். கொன்ட்ரோலர் தூங்கிப்போகும். அவசரத்தில் ஹோமை மட்டும் தட்டி எழுப்பினால் அது அன்ட்ரொய்ட்டாகக் கண் விழிக்கும். கேமோ சும்மா நிற்கும். கேம் தொடங்கிய பிறகு வேடத்தைச் சரிசெய்தாலும் சில பழைய கேம்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. தொடங்கும்போது யார் யார் வந்திருக்கிறார்கள் என்று ஒருமுறை எண்ணிவிட்டால் அவ்வளவுதான். மூடித் திறக்க வேண்டும்.

இதற்கு மருந்தாக, கேம் வாங்கும் ஸ்டீம் மென்பொருளை நாடினேன். எந்தக் கொன்ட்ரோலர் வந்தாலும் நடுவில் நின்று கேமுக்குப் புரியும்படி மொழிபெயர்க்கும் வேலையை அது செய்கிறது. 2016 கடைசியில் பிளேஸ்டேஷன் 4 கொன்ட்ரோலருக்கு வழிவிட்டார்கள், பிறகு மற்றவைக்கும். ஸ்டீமில் வாங்காத கேமையும் அதன் பட்டியலில் சேர்த்துவிட்டால் இதே மொழிபெயர்ப்பு கிடைக்கும். நல்ல ஏற்பாடுதான். நான்தான் அவசரக் குடுக்கை. முன்பு ஒரு காலத்தில் போட்டுவைத்த இன்னொரு மொழிபெயர்ப்பு மென்பொருள் பின்னால் ஓடிக்கொண்டிருப்பதை மறந்துவிட்டேன். கீழ்ப்பட்டனை ஒருமுறை அழுத்தினால் மெனு இரண்டு வரி தாண்டியது. அக்கா மகன் வந்து பார்த்தான்.

"மாமா, இது ஒன்னா ரெண்டா?"

கையில் ஒன்று, கொம்பியூட்டரின் கணக்கில் இரண்டு. நிஜமும் நிழலும் சேர்ந்து கேமுக்குள் போயிருக்கின்றன. நான்கு இடத்தில் முதலாவதில் நிழல் உட்கார்ந்துவிட்டால் இன்னும் மோசம்: இருவர் ஆடும் ஆட்டத்தில் எனக்கான ஆள் அசையாமல் நிற்பார், என் கை அவன் ஆளை ஆட்டும். ஒரு சனிக்கிழமை முழுக்க இப்படியே போனது. பழைய மென்பொருளைத் தூக்கியெறிந்த பிறகுதான் வீட்டில் சமாதானம்.

இங்கே என் பக்கச்சார்பையும் சொல்லிவிடுகிறேன். மேசை இலாச்சியில் மைக்ரோசொப்ட்டின் பழைய 360 கம்பிக் கொன்ட்ரோலர் ஒன்று இருக்கிறது. ரப்பர் தேய்ந்து வழவழத்துவிட்டது. அதன் திசைப் பட்டன் படு மோசம். மேலே அழுத்தினால் பக்கத்துக்கும் போகும், உலகமே திட்டிய பட்டன் அது. ஆனாலும் செருகினால் நடுவட்டத்தின் கால்வாசி பச்சையாக எரியும்: நீதான் முதலாமவன், போய் ஆடு என்று அர்த்தம். கரண்ட் போய் வந்தாலும் அதே கால்வாசி. புதுச் சாமானோடு மல்லுக்கட்டிய நாட்களில் அதைப் பலமுறை எடுத்துச் செருகினேன்.

ஆகவே கொம்பியூட்டர் திரையின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினேன்: "ஹோம் + எக்ஸ். மூன்று எண்ணவும். மறக்க வேண்டாம்." இத்தோடு விமர்சனத்தை எழுதி முடித்திருக்கலாம்.

போன ஞாயிறு பின்னேரம் இடியோடு மழை. கரண்ட் போய்க் கால் மணி நேரத்தில் வந்தது. நான் பிளேன்டீ போடப் போயிருந்தேன். அக்கா மகன் காகிதத்தைப் பார்க்காமல் ஹோமைத் தட்டி எழுப்பி, இருபது வருடப் பழைய கிரிக்கெட் கேம் ஒன்றைத் திறந்துவிட்டான். இந்தக் கேமை நான் ஏற்கனவே கைகழுவியிருந்தேன். வலது ஸ்டிக்கால் அடிக்க வேண்டிய அடிக்கு மட்டை அசையவே அசையாது, ட்ரிகரைத் தொட்டால் வெட்டியாக வீசும். கேம் பழசு, அதன் தப்பு என்று விட்டுவிட்டேன்.

குசினிக்குள் கைதட்டல் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் வலது ஸ்டிக்கைத் தள்ளுகிறான், பந்து கவர் பக்கமாக எல்லைக்கு ஓடுகிறது. அடுத்த பந்தும் அப்படியே.

பிறகுதான் உறைத்தது. எக்ஸ்பொக்ஸ் வேடத்தில் வலது ஸ்டிக் பழைய வாசலுக்குச் சுழல் எக்ஸ், சுழல் வை என்ற இரண்டு அச்சாகப் போகிறது; இசட் அச்சு ட்ரிகர்களுக்கு. அந்தக் காலத்துச் சாதா கேம்பேட்களில் வலது ஸ்டிக் என்றால் இசட்டும் சுழல் இசட்டும். அன்ட்ரொய்ட்டின் வழக்கமும் அதேதான். ஐந்து வாரமாக நான் துரத்தியடித்த வேடம்தான் இந்தக் கேம் காத்திருந்த ஆள்.

"அதைக் கொண்டா, மோட் தப்பா இருக்கு" என்று பழக்கத்தில் கையை நீட்டினேன்.

"தொடாதீங்க மாமா, அறுபது அடிச்சிருக்கேன்."

பிளேன்டீ ஆறிப்போனது. அவன் போன பிறகு பார்த்தால் திரையோரக் காகிதத்தில் என் எழுத்துக்குக் கீழே பென்சிலில் ஒரு வரி சேர்ந்திருந்தது: "கிரிக்கெட்டுக்கு ஹோம் மட்டும்."