கடன் வாங்கிய கூட்டம் போதுமா?

கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட கிழக்கு ரயில்வேயின் மகளிர் கூடைப்பந்து அணி, தேசிய அளவிலான போட்டிகளில் பல ஆண்டுகளாக ஆடிவருகிறது. அதன் ஆட்டக்காரர்களுக்கு வேலையும் மாதச் சம்பளமும் உண்டு. அவர்கள் பெயர் சொல்லிக் கொடி பிடிக்கும் கூட்டம் மட்டும் உருவாகவில்லை. அதே நகரத்தில் ஈஸ்ட் பெங்கால் கிளப்பின் மகளிர் கால்பந்து அணிக்கோ சில ஆண்டுகளிலேயே கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆண்கள் கிளப்பின் பெயரையும் வண்ணத்தையும் கொடுத்து மகளிர் அணிக்கு ரசிகர்களைத் திரட்டும் இந்த வழக்கம்தான் இன்று இந்தியாவில் எல்லோரும் பரிந்துரைக்கும் வழி. தொடங்கிவைக்க இது நல்ல வழி என்பதில் ஐயமில்லை. ஆனால் கடனாக வந்த கூட்டத்தை அணியின் சொந்தக் கூட்டமாக மாற்றும் வேலையைச் செய்யாவிட்டால், வந்த வேகத்திலேயே அது கலைந்துவிடும் என்பதே என் கட்சி.

முதலில் இந்த வழியின் வலிமையைச் சொல்லிவிட வேண்டும். 1920-இல் பிறந்த ஈஸ்ட் பெங்கால், பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு இழந்த ஊரின் பெயரையே சுமந்த கிளப். சிவப்பும் பொன்னிறமும் கலந்த சட்டை, தீப்பந்தச் சின்னம், வெற்றி நாளில் வீட்டில் ஹில்சா மீன் என்று தலைமுறைகளாக வளர்ந்த பற்று அது. அந்தப் பற்றின் ஒரு பங்கு மகளிர் அணிக்கும் கிடைத்தது. 2025 ஏப்ரல் 18 அன்று கொல்கத்தாவுக்கு வெளியே உள்ள கல்யாணி ஊரின் மைதானத்தில் ஒடிசா எஃப்சி-யை 1-0 என்று வென்று, இந்திய மகளிர் லீக் பட்டத்தை அந்த அணி உறுதிசெய்தது. 2003-04-க்குப் பிறகு கிளப்புக்குக் கிடைத்த முதல் தேசிய லீக் பட்டம் அது. இருபது ஆண்டுக் காத்திருப்பை முடித்துவைத்தவர்கள் பெண்கள். வெற்றி கோலை அடித்த சங்கீதா பாஸ்ஃபோர் அந்தக் கல்யாணியிலேயே பிறந்து வளர்ந்தவர். சியால்தா நிலையத்தில் கல்யாணி சீமாந்தா லோக்கல் ரயிலைப் பிடித்து வரும் நகரத்து ரசிகருக்கு அவர் தன் கிளப்பின் ஆட்டக்காரர். கல்யாணிவாசிக்கோ தன் ஊர்ப் பெண். இந்த இரண்டு உறவும் ஒரே கோலில் சேர்ந்தது தற்செயல் என்று விட்டுவிடக் கூடாது. லீக் தொடங்கிய ஆண்டுகளில் எல்லா அணிகளையும் ஓரிரு நகரங்களில் கூட்டிச் சில வாரங்களில் போட்டியை முடித்துவிடுவார்கள். 2023-24 பருவத்தில்தான் சொந்த மைதானத்தில் ஒன்று, வெளியூரில் ஒன்று என்று ஆடும் முறை வந்தது. கிளப்பின் பெயர் ரசிகரை அழைத்தது என்றால், அவர் வந்து நிற்க ஓர் இடத்தைக் கொடுத்தது இந்த முறை.

குறைகளுக்கு வருவோம். முதல் குறை, மகளிர் அணியின் உயிர் ஆண்கள் அணியின் கணக்குப் புத்தகத்தில் இருப்பது. கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து கிளப்பின் கதை இதற்குச் சான்று. 2023 மார்ச்சில் பெங்களூருக்கு எதிரான ஆட்டத்தில் ஆண்கள் அணி பாதியில் வெளியேறியது. கால்பந்துக் கூட்டமைப்பு 4 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதே ஆண்டு ஜூனில் அந்தச் சுமையைக் காரணம் காட்டிக் கிளப் தன் மகளிர் அணியை நிறுத்திவைத்தது. களத்தைவிட்டுப் போனவர்கள் ஆண்கள், களத்தை இழந்தவர்கள் பெண்கள். இரண்டாவது குறை பண்பாடு சார்ந்தது. கூட்டம் கடனாக வரும்போது அதன் பழக்கங்களும் சேர்ந்தே வருகின்றன. 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தாவின் ஈடன் கார்டனில் ஈஸ்ட் பெங்காலுக்கும் அதன் பரம எதிரி கிளப்பான மோகன் பகானுக்கும் நடந்த ஆட்டத்தின்போது மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 பேர் இறந்ததை இந்த நகரம் மறக்கவில்லை. அந்த அளவுக்குப் போகாத நாட்களிலும், நம் மைதானங்களில் எதிரணியைத் திட்டக் கிளம்பும் வசவுகள் பெரும்பாலும் அம்மாவையும் அக்கா தங்கையையும் இழுப்பவை. அதே வாயோடு பெண்கள் ஆட்டத்துக்கு வந்து உட்காரும் கூட்டத்தை, எண்ணிக்கையை மட்டும் பார்த்து வெற்றி என்று சொல்ல முடியாது.

கூட்டம் பெருகினால் பண்பு தானாக வரும் என்பாருக்கு அமெரிக்காவின் மகளிர் கூடைப்பந்து லீக்கான டபிள்யூஎன்பிஏ பதில் சொல்கிறது. 1997-இல் ஆடத் தொடங்கிய அந்த லீக், ஆட்டக்காரர் கெய்ட்லின் கிளார்க் வந்த 2024-இல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காணாத கூட்டத்தைக் கண்டது. ரசிகர்களிடமிருந்து இனவெறி வசைகள் வருவதாக ஆட்டக்காரர்கள் வெளிப்படையாக முறையிட்டதும் அதே பருவத்தில்தான். அடுத்த ஆண்டு அங்கேயே இன்னொரு பாடமும் கிடைத்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் என்ற ஆண்கள் அணியின் உரிமையாளர்கள் வால்கிரீஸ் என்ற மகளிர் அணியைக் களமிறக்கினார்கள். பணமும் அரங்கமும் ஆண்கள் அணியுடையவை. பெயரும் ஊதா வண்ணமும் மகளிர் அணிக்கே சொந்தம். முதல் பருவத்திலேயே சொந்த அரங்கின் 18,064 இருக்கைகளும் ஆட்டத்துக்கு ஆட்டம் நிரம்பின. முதலைக் கடன் வாங்கலாம், முகத்தைத் தனியாக வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். காலி இருக்கைகளோடு போராடும் விளையாட்டில் ரசிகரிடம் கட்டுப்பாடு பேசினால் வருகிறவரும் வரமாட்டார்; ஆவேசம் இல்லாத கொல்கத்தா ரசிகர் ரசிகரே அல்ல என்பார்கள். ஆவேசத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. அது எதன் பக்கம் நிற்கிறது என்பதே கேள்வி, அதற்கு இந்த நகரமே விடை சொல்லியிருக்கிறது. கொல்கத்தாவின் ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கிக் கொல்லப்பட்ட 2024 ஆகஸ்டில், 18-ஆம் தேதி இரு கிளப்புகளுக்கும் இடையே நடக்கவிருந்த டூராண்ட் கோப்பை டெர்பி ரத்துசெய்யப்பட்டது. ஆட்டம் இல்லாத மைதானத்தின் வாசலில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்கள் ஒன்றாகத் திரண்டு நீதி கேட்டார்கள். போலீஸ் தடியடியையும் தாங்கினார்கள். ஒரு பெண்ணுக்காகப் பகை மறந்து தெருவில் நிற்கத் தெரிந்த கூட்டத்துக்கு, அரங்கில் ஆடும் பெண்ணை மதித்து ஆரவாரம் செய்வது எட்டாத காரியம் அல்ல. அந்த ஒரு நாளின் உணர்வை வாராந்தர வழக்கமாக்க யாரும் முயலவில்லை என்பதே குறை.

கூடைப்பந்துக்கு இந்தப் பாடம் இன்னும் பொருந்தும். 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட ஆடுகளத்தில், முன்வரிசைக்காரர் சொல்வது ஆட்டக்காரரின் காதில் அப்படியே விழும். வசவும் விழும், பெயர் சொல்லி அழைக்கும் ஊக்கமும் விழும். நம்மிடம் ஆட்டக்காரர்கள் இல்லாமல் இல்லை. தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே இந்தியாவுக்கு ஆடிய சென்னையின் அனிதா பால்துரை, 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். 2017-இல் பெங்களூரு கண்டீரவா அரங்கில் கஜகஸ்தானை 75-73 என்று வென்று ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவுப் பட்டத்தை இந்தியப் பெண்கள் கைப்பற்றினார்கள். அந்த வெற்றியைக் கண்டு கிளர்ந்த ரசிகர் அடுத்த வாரம் போய்ப் பார்க்க ஒரு லீக் ஆட்டம் இருக்கவில்லை.

ஆகவே கிழக்கு ரயில்வே அணிக்கு முதலில் வேண்டியது பெரிய கிளப்பின் சட்டை அல்ல, நாள்காட்டி. நேதாஜி உள்ளரங்கம் போன்ற பேரரங்கை வாடகைக்கு எடுத்து ஒருமுறை விழா நடத்துவதைவிட, ஒரே சிறிய அரங்கில் வாரம் தவறாமல் ஆடுவது நூறு நிலையான ரசிகர்களைத் தரும். பக்கத்துப் பள்ளி மாணவியருக்கு முன்வரிசை, ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்களோடு பேச அரைமணி நேரம், வசவுக்கு இடமில்லை என்ற விதியை ரசிகர் குழுவே எழுதித் தானே காக்கும் பொறுப்பு ஆகியவை பெரிய செலவு கேட்பவை அல்ல. பின்னர் ஈஸ்ட் பெங்காலோ மோகன் பகானோ கூடைப்பந்துக்கு வந்தால் நல்லது. ஆனால் கிளப் ஒருநாள் கைவிட்டாலும் கலையாமல் நின்று கேள்வி கேட்கும் கூட்டம் அதற்கு முன்பே உருவாகியிருக்க வேண்டும். பெண்கள் விளையாட்டுக்கு அப்படிப்பட்ட ரசிகர் சமூகமே காப்பு.