கல் இல்லாத தோட்டம்

கியோட்டோவுக்குப் போகிறவர்கள் ரியோவான்-ஜி கோயிலின் கல் தோட்டத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. தாழ்வாரத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்து, அங்குள்ள 15 கற்களில் எத்தனை கண்ணில் படுகின்றன என்று எண்ணுவதே பலருக்கும் தியானம். எனக்கு அந்நகரின் வடக்கு ஓரத்தில், நிஷிகாமோ மலையடிவாரத்தில் இருக்கும் ஷோடென்-ஜிதான் உசத்தி. அங்கே எண்ணுவதற்குக் கல்லே கிடையாது.

பஸ்ஸை விட்டிறங்கி, வீடுகளுக்கு நடுவே நடந்து, மரங்கள் அடர்ந்த படிகளில் ஏறினால் கோயில். பக்கத்திலேயே ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது, அதை மன்னித்துவிடலாம். காலணியைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் உட்கார வேண்டியதுதான்.

எதிரே இருப்பவை மூன்றே: வெள்ளைச் சரளை, கத்தரித்த புதர்கள், ஓடு வேய்ந்த வெள்ளைக் குட்டைச்சுவர். புதர்கள் பெரும்பாலும் சாட்சுகி எனும் அசேலியா வகை. வலமிருந்து இடமாக 7, 5, 3 என்று திரள் திரளாக நிற்கின்றன. ஜப்பானியருக்கு இவை மங்கல எண்கள். ஆனால் யாராவது சொன்னால்தான் இந்தக் கணக்கு தெரியும். ஒரு புதர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாதபடி தோளோடு தோள் உரசி நிற்கின்றன. வலப்பக்கம் கனம், இடப்பக்கம் போகப் போகப் பச்சை குறைந்து வெள்ளை கூடுகிறது. வலமிருந்து இடமாக வரிகளைப் படித்துப் பழகிய கண்ணுக்கு இது மெல்லத் தேய்ந்து போகும் ஒரு வாக்கியம்.

சிங்கக் குட்டிகள் ஆற்றைக் கடக்கின்றன என்று இதற்கு ஒரு கதை உண்டு. ரியோவான்-ஜியின் கற்களுக்கும் புலிக்குட்டிகளை வைத்து இதே கதைதான். ஆனால் கல்லை ஒருமுறை நட்டால் போதும். புதரோ வளர்ந்துகொண்டே இருக்கும். கோடைத் தொடக்கத்தில் பூக்கும், துளிர் விடும், உருவம் குலையும். கத்தரி ஓய்ந்தால் சில வருடங்களில் இங்கே குட்டியும் இருக்காது, ஆறும் இருக்காது. அதனாலேயே எனக்கு இது இன்னும் அருமையாகப் படுகிறது.

இந்தத் தோட்டத்தின் சூட்சுமம் முழுவதும் அந்தச் சுவரின் உயரத்தில்தான் இருக்கிறது என்பேன். சுவருக்கு மேலே மரங்கள். அவை விலகும் இடத்தில், வானத்தை ஒட்டி, ஹியேய் மலை. 848 மீட்டர் உயரமுள்ள அந்த மலை நகரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இடையிலுள்ள வீடு, சாலை, மின்கம்பம் எதுவும் கண்ணில் படுவதில்லை. சுவரை இன்னும் கொஞ்சம் உயர்த்திக் கட்டியிருந்தால் மலை போயிருக்கும். தாழ்த்தியிருந்தால் ஊர் உள்ளே வந்திருக்கும். ஷக்கேய் என்று இதற்குப் பெயர். தொலைவிலுள்ள காட்சியை இரவல் வாங்குவது. கோபோரி என்ஷூ அமைத்த தோட்டம் என்பது வழிவழிப் பேச்சு. 1930களில் தோட்ட வடிவமைப்பாளர் மிரேய் ஷிகெமோரி அதைச் சீரமைத்தார்.

அண்ணாந்து பார்த்தால் வேறொரு உலகம். தாழ்வாரத்தின் மேற்பலகைகள் ஃபுஷிமி கோட்டையிலிருந்து வந்தவை. 1600-இல் அந்தக் கோட்டையைக் காத்து நின்ற தோரி மோட்டோடடாவும் அவருடைய வீரர்களும் தோற்று மாண்ட தரை அது. இனி யார் காலும் படக்கூடாதென்று அந்தப் பலகைகளைக் கூரையில் ஏற்றினார்கள். கறுத்துப்போன கறை இன்னும் தெரிகிறது. அதன் கீழே உட்கார்ந்துதான் வெள்ளைச் சரளையைப் பார்க்கிறோம்.

பாடகர் டேவிட் போவி 1980-இல் வந்த ஒரு ஷோச்சு மது விளம்பரத்துக்காக இந்தத் தோட்டத்தில்தான் நடித்தார். அப்படியும் இங்கே கூட்டம் சேரவில்லை.

கியோட்டோவில் ஒரே ஒரு தோட்டத்துக்குத்தான் நேரம் என்றால், 15 கற்களை விட்டுவிட்டு இங்கே வாருங்கள். கேமராவைப் பையில் வைத்துவிட்டு, குறைந்தது அரை மணி நேரமாவது உட்காருங்கள்.