கட்டிலுக்கு அடியில் ஒரு கேமரா

கறுப்பு வெள்ளைப் படமா என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இயக்குநர் ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962). கதை பெரும்பாலும் ஓர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கிறது, அதுவும் செட். முத்துராமன் கட்டிலில் கிடக்க, தேவிகா பாடும் காட்சியில் ஒளிப்பதிவாளர் வின்சென்ட்டின் கேமரா கட்டிலுக்கு அடியில் புகுந்து போகும். (இன்று டிரோன் விட்டு மலையையே சுற்றுகிறார்கள், மனசில்தான் நிற்பதில்லை.)

ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது அந்த வெள்ளைகள். விரிப்பு, தலையணை, டாக்டர் கோட்டு, நர்ஸ் உடுப்பு என்று ஆஸ்பத்திரியில் எங்கு திரும்பினாலும் வெள்ளைதான். வண்ணப் படத்தில் நிறமே ஆளையும் பொருளையும் பிரித்துக் காட்டிவிடும். இங்கே வெளிச்சத்தை வைத்துத்தான் பிரித்தாக வேண்டும். முகத்துக்கு ஒரு விளக்கு. பின்னாலிருந்து கூந்தல் ஓரம் மட்டும் மின்ன இன்னொன்று. அது கொஞ்சம் கூடிப்போனால் தலையணையும் கோட்டும் ஒரே சுண்ணாம்பு!