இரண்டு சாய்வுகள்

தாமிர சல்பேட் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் தகட்டில் செம்பு படிகிறது. கண்ணுக்கு அது ஒரே வேலை. உள்ளே நடப்பவை இரண்டு. தாமிர அயனி முதலில் ஒரு எலக்ட்ரானை வாங்குகிறது. பிறகு இன்னொன்றை வாங்கிச் செம்பாகிறது. நடுவில் பிறக்கும் ஒற்றை மின்சுமை அயனி தலைகாட்டிய உடனே மறைந்துவிடும். அதைப் பிடித்து நிறுத்தாமலே, எந்தப் படி மெது, எது விரைவு, வேக மாறிலி எவ்வளவு என்று கண்டுபிடிக்கிறார்களே, அந்த வேலைப்பாட்டில்தான் எனக்கு மயக்கம்.

இதை எழுதக் காரைக்குடியைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக் கழகம் இங்கேதான் இருக்கிறது. ஊருக்கு அது 'சிக்ரி'.

1959-இல் மாட்சன், பாக்ரிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் தாமிரத்தைப் பற்றி வெளியிட்ட ஆய்வை எத்தனை முறை எடுத்துப் பார்த்தாலும் அலுக்கவில்லை. செம்பு படியும்போது மின்னோட்டத்தைப் பத்து மடங்காக்க ஏறக்குறைய 120 மில்லிவோல்ட் கூட்ட வேண்டும். அதே செம்பு கரையும்போது 40 போதும். ஏன் இந்த வேறுபாடு?

செட்டிநாட்டு வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பு வாசல் குறுகலானது. அதைத் தாண்டி வரும் வளவு என்ற முற்றப் பகுதியிலிருந்து இரண்டாம் கட்டுக்குப் போகும் வாசல் அகலமானது என்று வையுங்கள். கல்யாணக் கூட்டம் உள்ளே வரும்போது நெரிசல் முகப்போடு முடிந்துவிடும். வளவு காலியாகவே கிடக்கும். பந்தி முடிந்து வெளியேறும்போது கதை வேறு. உள்கட்டிலிருந்து தாராளமாக வந்தவர்கள் வளவில் குவிந்து, பின்னாலிருந்து தள்ள, அதே குறுகிய வாசலில் இப்போது அழுத்தம் கூடுகிறது. கரையும் செம்பிலும் இதுதான். விரைவான படி நடு அயனியைக் குவித்துக் கொடுக்கிறது; மெதுவான படிக்கு அந்தத் தள்ளலும் சேர்கிறது. கணக்கில், மின்னழுத்தம் வேகத்தை உந்தும் பங்கு படிவுக்கு அரை, கரைவுக்கு ஒன்றரை. மும்மடங்கு. 120-க்கு 40. அரையையும் ஒன்றரையையும் கூட்டினால் 2. மொத்த எலக்ட்ரான் எண்ணிக்கையும் 2. இந்தக் கூட்டல் சரியாக வந்து நிற்கும் இடத்தில் நான் தாளை வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் சும்மா உட்கார்ந்துவிடுவேன்.

ஆனால் நம்பகமான எண்ணுக்கு நேர்த்தியான விளக்கம் மட்டும் போதாது, கைநேர்த்தியும் வேண்டும். மின்னழுத்தம் அளக்கும் லக்கின் நுண்குழாயின் நுனி மின்முனைக்கு மிகவும் ஒட்டினால் மின்னோட்டத்தை மறைக்கும். விலகினால் கரைசலின் மின்தடையும் கணக்கில் ஏறிவிடும். நுனியின் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் என்பது வழக்கம். கை வியர்வையிலுள்ள குளோரைடு துளி கலந்தாலும் தாமிரத்தின் வேகம் மாறும். காரைக்குடி வெயிலில் வேலை செய்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

அடக்கமும் வேண்டும். விரைவான இரண்டாம் படியின் மாறிலியை இந்தச் சோதனை தராது. 'குறைந்தது இவ்வளவு' என்று மட்டும் சொல்லும். கணினியில் ஐந்தாறு மாறிலிகளை அவிழ்த்துவிட்டால் வளைகோடு எல்லாப் புள்ளிகளையும் தொட்டுக்கொண்டு போகும். ஒன்றை இருமடங்காக்கி இன்னொன்றையும் இருமடங்காக்கினாலும் கோடு அசையாமல் இருந்தால், கையில் இருப்பது அவற்றின் விகிதம் மட்டுமே. அதை அப்படியே எழுதி நிறுத்திக்கொள்பவரின் தாளைத்தான் நான் நம்புகிறேன்.

மிக விரைவான வினைகளில் இன்னொரு சிக்கல். அயனிகள் மின்முனைக்கு வந்து சேரும் தாமதமே எல்லாவற்றையும் மூடிவிடும். இங்கேதான் கே.எஸ்.ஜி. டாஸ் நினைவுக்கு வருகிறார். பின்னாளில் சிக்ரியின் இயக்குநராக இருந்தவர். அவரும் எச்.பி. அகர்வாலும் 1950-களின் தொடக்கத்தில் ஒன்றைக் கவனித்தார்கள். சமநிலையில் இருக்கும் மின்முனைக்குச் சிறிய மாறுமின்னோட்டம் கொடுத்தால், ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சராசரி பூச்சியமாக வேண்டும். ஆகவில்லை. மின்முனையின் சராசரி மின்னழுத்தம் சற்றே நகர்ந்தது. வினையின் வளைகோடு இருபக்கமும் ஒரேமாதிரி வளையாததால் வந்த நகர்வு அது. ரெடாக்ஸோகைனடிக் விளைவு என்று பெயர் வைத்தார்கள். வெளிநாட்டு ஆய்வாளர்களிடம் அது ஃபாரடேயிக் மின்திருத்தம்.

மற்றவர்கள் நேர்கோடாக்கித் தள்ளிவிடும் கோணலையே இவர்கள் அளவுகோலாக்கினார்கள். கொடுக்கும் அலையைப் பாதியாக்கினால் நகர்வு கால்வாசியாகக் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் அளப்பது வேறு எதையோ. அதிர்வெண்ணைக் கூட்டக் கூட்ட அயனி வந்துசேரும் தாமதத்தின் பங்கு தேய்ந்து, வினையின் சொந்த வேகம் மேலே தெரியும். அகர்வால் பிறகு இதே வழியை இரண்டு, மூன்று எலக்ட்ரான் வினைகளுக்கும் கொண்டுபோனார். ஒவ்வொரு படிக்கும் அதன் மாறிலி, அந்தச் சிறு நகர்விலிருந்து.