யார் வீட்டு ஓசி?

2022 செப்டம்பரில் ஒரு விழா மேடையில், அப்போது உயர்கல்வி அமைச்சராக இருந்த க. பொன்முடி, நகரப் பேருந்தில் கட்டணமின்றிப் போகும் பெண்களைப் பற்றிப் பேசும்போது ‘ஓசி’ என்று சொல்லிவிட்டார். ஊரே கொதித்தது. கொதித்தவர்களில் பலர் அதே சொல்லை டீக்கடையில் தினமும் சொல்கிறவர்கள்தான். அமைச்சர் மைக்கில் சொன்னதுதான் குற்றமாகிவிட்டது.

ஓசி என்ற சொல்லுக்கு ஒரு கதை உண்டு. கம்பெனி ஆட்சியில் அலுவல் கடிதங்களுக்குத் தபால் கட்டணம் கிடையாதாம். உறைமேல் ‘ஆன் கம்பெனி சர்வீஸ்’ என்பதன் முதலெழுத்துகளைப் போட்டால் போதுமாம். அதுவே தேய்ந்து ஓசி ஆனதாகச் சொல்வார்கள். சொல்லாராய்ச்சிக்காரர்கள் ஒப்புவார்களோ என்னவோ, கதை பொருத்தமாகத்தான் இருக்கிறது. கம்பெனிக்கு ஓசியாகப் போன கடிதத்தைச் சுமந்தவரின் கூலி, இங்கே நிலவரி கட்டிய குடியானவர் பணத்திலிருந்துதான் வந்திருக்கும்.

நம் ஊரில் அரசுச் செலவைப் பற்றி இரண்டு பேச்சுகள் ஓடுகின்றன. ஒன்று, ‘தலைவர் கொடுத்தார்’. மற்றொன்று, ‘என் வரிப்பணத்தில் கொடுக்கிறார்கள்’. முதல் பேச்சை மறுக்கவே இரண்டாவது பிறந்தது, அந்த அளவில் அது நல்ல பேச்சு. 2015 சென்னை வெள்ளத்தில், தன்னார்வலர்கள் அனுப்பிய நிவாரணப் பொட்டலங்களிலும் முதல்வர் படம் ஒட்டப்படுவதாகப் புகார் எழுந்த நாட்களில், ‘இது யார் காசு?’ என்று கேட்க ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. அம்மா உணவகத்தையே பாருங்கள். 2013இல் சென்னையில் தொடங்கியது. இட்லி ஒரு ரூபாய். பெயர் அன்றைய முதல்வருடையது, நடத்துவதும் நஷ்டத்தைத் தாங்குவதும் மாநகராட்சி. சொத்து வரி கட்டும் வீட்டுக்காரருக்கும், அந்த வரியையும் சேர்த்து வாடகை கொடுக்கும் குடித்தனக்காரருக்கும் அதன் பெயர்ப்பலகையில் இடமில்லை. ‘வரிப்பணம்’ என்று ஒருவர் உரக்கச் சொல்லும்போது அந்த மறைப்பு கொஞ்சம் விலகுகிறது.

கோளாறு ‘என்’ என்பதில் இருக்கிறது. அப்படிச் சொல்பவர் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர். சம்பளச் சீட்டில் பிடித்தம் கண்ணுக்குத் தெரிகிறது, மனம் எரிகிறது. நியாயமான எரிச்சல். ஆனால் அவர் கட்டும் வருமான வரி ஒன்றிய அரசுக்குப் போவது. செஸ், சர்சார்ஜ் போன்றவற்றைக் கழித்தபின் பகிர்ந்துகொள்ளும் தொகையில், பதினைந்தாவது நிதிக்குழு கணக்குப்படி 2021 முதல் 2026 வரை மாநிலங்களுக்கெல்லாம் சேர்த்து 41 சதவீதம். அதில் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம். பகிர்ந்த நூறு ரூபாயில் இங்கே வந்தது ஒரு ரூபாய் அறுபத்தேழு காசு. அந்தக் காசிலும் பேருந்துக்கு எவ்வளவு, பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை.

மாநிலத்தின் சொந்த வரி வேறு இடங்களிலிருந்து வருகிறது: வணிக வரி, பத்திரப்பதிவு, வண்டி வரி, பிறகு டாஸ்மாக். 2023-24இல் மது விற்பனையால் மட்டும் கஜானாவுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அதில் கொத்தனாரின் குவார்ட்டர் பாட்டிலும் உண்டு. அவர் மனைவி காலையில் கட்டணமில்லாச் சீட்டு வாங்கிக்கொண்டு சித்தாள் வேலைக்குப் போனால், அந்த வீடு அரசிடம் வாங்கியது அதிகமா, கொடுத்தது அதிகமா? கணக்குப் போட்டுப் பார்க்கத் துணிகிறவர் குறைவு.

இதில் ஒரு பழைய வேடிக்கையும் இருக்கிறது. 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார். போன கலால் வருமானத்தை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி வந்தது; இந்தியாவிலேயே அதை முதலில் விதித்தது சென்னை மாகாணம். குடியை நிறுத்தியதற்காகக் குடிக்காதவரும் உப்பு புளி வாங்கும் கடையில் பங்கு கொடுத்தார். 1971இல் சாராயக்கடை திரும்பி வந்தது. விற்பனை வரி திரும்பிப் போகவில்லை.

அந்த வரியின் பேரப்பிள்ளைதான் இன்றைய ஜிஎஸ்டி. 2017 ஜூலை முதல் 2025 செப்டம்பர் வரை குளியல் சோப்புக்கும் பற்பசைக்கும் 18 சதவீதம். இப்போது குறைத்திருக்கிறார்கள், ஆனால் செல்போன் ரீசார்ஜுக்கு இன்னும் 18 தான். ஷாம்பு பாக்கெட்டின் முதுகில் பொடி எழுத்தில் ‘அனைத்து வரிகளும் உட்பட’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். வருமான வரி கட்டாதவருக்கு அரசு கொடுக்கும் ஒரே ரசீது அது. படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும்.

இதை வைத்துக்கொண்டு ‘அவரவர் கட்டியதைத்தான் அவரவர் வாங்குகிறார்கள்’ என்று முடித்துவிடுகிற எதிர்வாதமும் எனக்கு ஒப்புதலாக இல்லை. அதுவும் சோம்பல்தான். 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் என்றது. இன்றைய செலவில் ஒரு பங்கை, இன்னும் பள்ளிக்கூடமே போகாத பிள்ளை பின்னால் கட்டப் போகிறது. ஓய்வுபெற்ற போக்குவரத்துத் தொழிலாளர்கள் அகவிலைப்படி நிலுவைக்காக ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். போக்குவரத்துக் கழகங்களின் நஷ்டத்தில் தங்கள் பங்கை அந்தக் கிழவர்கள் காத்திருந்து கட்டினார்கள். வரி என்ற பெயர் இல்லாமலும் மனிதர்கள் கட்டுகிறார்கள் என்பதைத்தான் இரண்டு தரப்பும் பேசுவதில்லை.

அதே வெள்ளை அறிக்கையில் இன்னொரு எண். அரசுப் பேருந்து ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 59.15 ரூபாய் நஷ்டம். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் தொடங்கியது 2021 மே மாதத்தில்தான்; நஷ்டம் அதற்கு வெகுகாலம் முந்தியது. அப்படியானால் காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கைப் பெண்ணை முறைத்துக்கொண்டு வருகிற ஆணும் முழுக் கட்டணம் கொடுக்கவில்லை. பெண்ணின் கட்டணத்தையாவது அரசு கணக்கெழுதிக் கழகத்துக்கு ஈடு தருகிறது. ஆணின் பாக்கி எந்தச் சீட்டிலும் அச்சாவதில்லை.

‘என் வரிப்பணம்’ என்பதை உரிமைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளாமல் கணக்குக் கேட்கும் வாயாக மட்டும் வைத்துக்கொண்டால், ஷாம்பு பாக்கெட் வாங்குகிறவரும் அதே குரலில் கேட்கலாம். இப்போது அவர் கேட்டால் ஓசிக்கு இவ்வளவு வாயா என்கிறார்கள்.

2016 முதல் தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புகளுக்கு, குடிசையானாலும் மாளிகையானாலும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. வாரியத்துக்கு அந்தப் பணத்தை அரசு மானியமாகக் கொடுக்கிறது. என் வீட்டுக் கணக்கிலும் கழிகிறது. அதை ஓசி கரண்ட் என்று யாரும் சொல்லி நான் இதுவரை கேட்டதில்லை.