சூனியக்காரியின் தொப்பியும் கைவினை உழைப்பும்: திரைவேடப் புனைவு பற்றிய ஒரு நோக்கு

1

கலை இலக்கிய விமர்சனம் அச்சேறிய நூல்களோடும் அரங்கேறிய நாடகங்களோடும் நின்றுவிடுவதன்று. மக்கள் தமது ஓய்வு நேரத்தில் எதனை ஆக்குகின்றனர், எவ்வாறு ஆக்குகின்றனர், யாருக்காக ஆக்குகின்றனர் என்பனவும் அதன் எல்லைக்குட்பட்டனவே. இவ்வகையில், திரையில் தோன்றிய பாத்திரமொன்றின் உடையையும் கைப்பொருள்களையும் இரசிகர்கள் தம் கையாலேயே செய்து, அணிந்து, ஓரிடத்திற் கூடும் ‘கொஸ்பிளே’ எனும் வழக்கம் நமது கவனத்துக்குரியது. முற்போக்கு விமர்சகர் சிலர் இதனை நுகர்வுப் பண்பாட்டின் சிறுபிள்ளைத்தனமான கூறெனக் கூறி ஒதுக்குவர். மேலைநாட்டுப் பண்பாட்டாய்வாளர் சிலரோ, இது பார்வையாளர் நிகழ்த்தும் கலகம் எனக் கொண்டாடுவர். இவ்விரு சாராரும் வேடத்தினுள் உறைந்துள்ள உழைப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. அவ்வுழைப்பின் இயல்பை, ‘ஒஸ்’ கதையில் வரும் மேற்குத் திசைச் சூனியக்காரியின் வேடத்தை ஆதாரமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

இன்று எவரும் சூனியக்காரி என்றவுடன் கருதுவது பச்சை முகமும் கரிய அங்கியும் கூர்நுனித் தொப்பியும் விளக்குமாறும் கொண்ட உருவத்தையே. இவ்வுருவம் தொன்றுதொட்டு வந்ததொன்றெனக் கருதுவது தவறு. பிராங் போம் 1900ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறுவர் நாவலில் இச்சூனியக்காரி ஒற்றைக் கண்ணினள். அவள் கையில் இருப்பது குடை. அவளது மேனி பச்சை என ஆசிரியர் கூறவில்லை. 1939இல் எம். ஜி. எம். நிறுவனம் இக்கதையைப் படமாக்கியபோதே இன்றைய உருவம் நிலைபெற்றது. உடையமைப்பாளர் ஏட்ரியன் கரிய உடையை வகுத்தார். மார்கரெட் ஹமில்ரனின் முகத்திற் பச்சைப் பூச்சு ஏறியது. நாவலில் வெள்ளியாயிருந்த மாயக் காலணி இப்படத்திற் செந்நிற மணிக் காலணியாயிற்று. ரெக்னிகலர் எனும் வண்ணத் தொழில்நுட்பத்தின் ஆற்றலைக் காட்ட வெள்ளியிலும் சிவப்பே ஏற்றது என்பதே அதற்குக் காரணம். ஆகவே, நாம் மரபு எனக் கொள்வதன் ஒரு பகுதி, உற்பத்திச் சாதனமொன்றின் தேவையால் உருவானதே.

இவ்வுருவத்தின் பின்னால் இன்னொரு வரலாறும் உண்டு. 15ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவிற் சூனியக்காரர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டுக் கொல்லப்பட்டோர் ஏறத்தாழ 40,000 முதல் 60,000 வரையினர் என வரலாற்றாசிரியர் மதிப்பிடுவர். அவர்களுட் பெரும்பான்மையினர் பெண்கள். அமெரிக்காவின் சேலம் பகுதியில் 1692இல் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். போமின் மாமியாரான மற்றில்டா ஜோஸ்லின் கேஜ் பெண்ணுரிமைப் போராளி. 1893இல் வெளியிட்ட தமது நூலில், சூனிய வேட்டை என்பது பெண்களின் அறிவுக்கும் சொத்துக்கும் எதிராகத் திருச்சபையும் அரசும் நடத்திய ஒடுக்குமுறை என அவர் வாதிட்டார். அவர் தந்த எண்ணிக்கை பெரிதும் மிகைப்பட்டதாயினும், எழுப்பிய வினா சரியானதே. 2004இல் சில்வியா ஃபெடரிச்சி இதனை மூலதனத்தின் ஆதித்திரட்டலோடு இணைத்து விளக்கினார். பொதுநிலம் பறிபோன காலத்திற் பெண்ணின் உடலும் அறிவும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டன என்பது அவர் கருத்து. இவ்விளக்கத்தின் வரலாற்று ஆதாரங்கள் பற்றி விவாதம் உளது. எனினும், கேலிக்குரிய உருவமாக நாம் காணும் கிழவி ஒருகாலத்தில் உயிருள்ள ஏழைப் பெண்ணாக இருந்தாள் என்பதை மறுத்தற்கில்லை.

3

திரையின் மாயம் தொழிலாளரின் உடலிலிருந்து எழுவது என்பதற்கு 1939ஆம் ஆண்டுப் படமே சான்று பகரும். 1938 டிசெம்பரில், சூனியக்காரி தீயோடு மறையும் காட்சியை எடுக்கையில் ஹமில்ரனின் முகமும் கையும் எரிகாயமுற்றன. அவரது பச்சைப் பூச்சிற் செம்புச் சேர்மம் கலந்திருந்தமையால் அதனை எரிந்த தோலிலிருந்து அகற்றுவதே பெரும் வேதனையாயிற்று. பல வாரங்களின் பின்னர் திரும்பிய அவர் நெருப்புத் தொடர்பான காட்சிகளில் நடிக்க மறுத்தார். அவருக்குப் பதிலாகச் சாகசக் காட்சியில் நடித்த பெற்றி டாங்கோ, புகை கக்கும் விளக்குமாறாக அமைக்கப்பட்ட குழாய் வெடித்துக் காயமுற்றார். பார்வையாளர் கண்டது பறக்கும் விளக்குமாறு. அதிலிருந்த பெண்ணின் காயத்தை அவர்கள் காணவில்லை. பண்டம் தன்னை ஆக்கிய உழைப்பை மறைக்கும் என மார்க்ஸ் கூறியதற்கு இதனினும் தெளிந்த உதாரணம் தேடவேண்டியதில்லை.

அதே 1939ஆம் ஆண்டு, இப்படம் திரையிடப்படுவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னர், நியூயோர்க்கில் முதலாவது உலக விஞ்ஞானப் புனைகதை மாநாடு நடைபெற்றது. 1936இல் வெளிவந்த ‘திங்ஸ் ரூ கம்’ எனும் படத்தைத் தழுவிய எதிர்கால உடைகளை அணிந்து இருவர் அங்கு வந்தனர். ஒருவர் ஃபொரெஸ்ற் ஏக்கர்மன். மற்றவர் மேர்ட்டில் டக்ளஸ். இரு உடைகளையும் ஆக்கியவர் டக்ளஸ். ஆயினும், நெடுங்காலம் இவ்வழக்கத்தின் முன்னோடியாகப் புகழப்பட்டவர் உடையை அணிந்த ஆணே. தைத்த பெண் அடிக்குறிப்பானாள். ‘கொஸ்பிளே’ என்னும் சொல் 1980களின் முற்பகுதியில் யப்பானிற் பிறந்தது. அச்சொல்லுக்கு முன்பே அவ்வுழைப்பும், அதன் பாற்பாகுபாடும் நிலவின என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

4

இனி ஆக்கமுறையை நோக்குவோம். சூனியக்காரியின் உடையை வீட்டில் ஆக்க முனைபவர் முதலிற் செய்வது வாசிப்பு. படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, தையல் எங்கே ஓடுகிறது, கைப்பகுதி எவ்விடத்திற் பருத்து எவ்விடத்தில் ஒடுங்குகிறது, தொப்பியின் விளிம்பு எத்துணை அகலம் எனக் கணிக்கின்றார். ஒளிப்பதிவுக் கருவியோ தான் காட்ட விரும்பியதையே காட்டும். முதுகுப் புறத்தின் தையலும் உட்துணியின் தன்மையும் திரையில் இல்லை. இவற்றை ஆக்குபவர் ஊகித்தறிய வேண்டும். நடிகை சில நிமிடக் காட்சிக்காக அணிந்ததை இவர் நாள் முழுவதும் அணிந்து நடக்கவும் அமரவும் மூச்சுவிடவும் வேண்டும். எனவே, போலச் செய்பவர் எனப்படுபவர் உண்மையிற் பிரதியின் இடைவெளிகளைக் கண்டு நிரப்பும் விமர்சகராகின்றார்.

பின்னர் கடதாசியில் வெட்டுருவம் அமைத்து, மலிவான துணியில் ஒருமுறை தைத்துப் பார்த்து, அதன் பின்பே உரிய துணியில் கத்தரி வைக்கின்றனர். தொப்பியின் கூம்புக்குப் பசையூட்டிய விறைப்புத் துணி. விளிம்பு தொய்யாதிருக்க உள்ளே கம்பி. விளக்குமாற்றுக்குப் பட்டை உரித்த கொம்பும் காய்ந்த சுள்ளிகளும் போதும். கொளுக்கி, பதக்கம் முதலியவற்றை இறப்பர்ச் செருப்பின் அடித்தட்டை ஒத்த நுரைத்தகட்டில் வெட்டி, வெப்பக்காற்றால் வளைத்து ஒட்டி, துளைகளை அடைத்து, உலோக வண்ணம் பூசுகின்றனர். 2024இல் வெளிவந்த ‘விக்கெட்’ படத்திற் போல் ரேஸ்வெல் வகுத்த கரிய உடை காளானின் அடிப்புற மடிப்புகளை நினைவூட்டுவது. அவருக்கு 2025இல் ஒஸ்கார் விருது கிடைத்தது; உடையமைப்புக்காக அவ்விருதைப் பெற்ற முதற் கறுப்பின ஆண் அவரே. அந்நுண்மடிப்புகளை வீட்டில் ஆக்க விழைவோர், மடித்த கடதாசி அச்சுகளுக்கிடையே துணியை வைத்து ஆவியூட்ட வேண்டியிருக்கும்.

இவ்வுழைப்பிற் கருத்தமைப்பும் கைத்தொழிலும் பிரிக்கப்படவில்லை. வகுப்பவரும் வெட்டுபவரும் தைப்பவரும் அணிபவரும் ஒருவரே. 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதிகளில் மார்க்ஸ் குறிப்பிட்ட அந்நியமாதலுக்கு நேரெதிரான அனுபவம் இது. கணனியின் முன்னோ கடையின் கல்லாவிலோ பிறர் கட்டளைப்படி வாரத்தைக் கழிப்பவர், வார இறுதியில் தொடக்கமும் முடிவும் தம் கையிலுள்ள ஒரு பொருளை ஆக்குகின்றார். இத்துணைப் பொறுமையும் மகிழ்ச்சியும் எங்கிருந்து வந்தன என்னும் வினாவுக்கு, அவர் செய்யும் ஊதிய வேலையில் அவை இல்லை என்பதே விடையாகும்.

5

எனினும், இம்மகிழ்ச்சியை விடுதலை எனக் கொள்ளுதல் கூடாது. மூன்று முரண்பாடுகளை நாம் இங்கு சுட்டுதல் அவசியம்.

முதலாவது, உருவம் எவரது சொத்து என்பது. போமின் நாவல் பொதுச்சொத்தாகிவிட்டது. ஆயினும், 1939ஆம் ஆண்டுப் படத்திற் பாத்திரங்கள் பெற்ற தனித்த உருவம் பதிப்புரிமைக்குட்பட்டது என அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று 2011இல் தீர்ப்பளித்தது. இரசிகர் தம் செலவில் வேடம் புனைந்து படமெடுத்துப் பரப்புவதை நிறுவனங்கள் பெரும்பாலும் தடுப்பதில்லை. அது அவற்றுக்குக் கூலியற்ற விளம்பரம். அதே வேடம் விற்பனைக்கு வரின் சட்டம் விழித்துக்கொள்ளும். அடோர்ணோவும் ஹோர்க்ஹைமரும் பண்பாட்டுக் கைத்தொழில் பற்றி எழுதுகையில் ஓய்வு நேரமும் வேலையின் நீட்சியே என்றனர். இங்கு அது விளம்பர வேலையின் நீட்சியாகவும் அமைகின்றது.

இரண்டாவது, பெறுமதி பற்றியது. 2024 டிசெம்பரில் இப்படத்தின் செந்நிறக் காலணிகளுள் ஒரு சோடி, கட்டணங்கள் உட்பட 3 கோடியே 25 இலட்சம் அமெரிக்க டொலருக்கு ஏலம் போயிற்று. இயந்திரப் பிரதியாக்கம் கலைப்பொருளின் ஒளிவட்டத்தை மங்கச் செய்யும் என்றார் வால்டர் பெஞ்சமின். மூலதனமோ பிரதிகளால் உலகறிந்த பொருளுக்குப் புதியதோர் ஒளிவட்டத்தைச் சூட்டி விற்கின்றது. அதே வேளையில், பிறருக்காக வேடம் தைத்துக் கொடுக்கும் பெண், தான் செலவிட்ட மணித்தியாலங்களுக்கு உரிய கூலியைக் கேட்பின், ஆயத்த உடையின் விலையைக் காட்டி அவளோடு பேரம் பேசுவர்.

மூன்றாவதே நமக்கு மிக அண்மையது. பையிலடைத்து விற்கப்படும் மலிவான ஆயத்த உடைகள் ஆசியத் தொழிற்சாலைகளிலேயே பெரிதும் உற்பத்தியாகின்றன. ஆடை ஏற்றுமதிக்கெனப் பெண்கள் தைப்பது எத்தகையது என்பதை நம் நாடு 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் அமைந்த நாள் முதலாக அறியும். அங்கு ஒருத்தி கழுத்துப்பட்டியை மட்டும் தைப்பாள். மற்றொருத்தி கைப்பகுதியை மட்டும் தைப்பாள். முழு உடை எவள் கையிலும் உருவாவதில்லை. எவளும் அதனை அணிவதுமில்லை. தையல் எனும் ஒரே தொழில், ஓரிடத்தில் அந்நியமாதலுக்கு மருந்தாகவும் இன்னோரிடத்தில் அந்நியமாதலாகவும் விளங்குகின்றது. வீட்டிலிருந்து சூனியக்காரியின் அங்கியைத் தைப்பவர் கையிலெடுக்கும் துணியையும் நூலையும் பொத்தானையும் ஆக்கியவர்கள் அநேகமாக இவ்விரண்டாம் வகையினரே. வில்லியம் மொறிஸ் உழைப்பின் இன்பத்தை மீட்க முயன்றபோது எதிர்கொண்ட இடர்ப்பாடும் இதுதான்: அவரது பட்டறையின் எழிலார்ந்த பொருள்கள் செல்வர் வீடுகளையே சென்றடைந்தன. அதனை உணர்ந்தமையாலேயே அவர் சோசலிசத்தை நோக்கி நகர்ந்தார்.

6

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில முடிபுகள் பெறப்படும். சூனியக்காரி வேடத்தைக் கைவினையாக ஆக்குதல் வெறும் நுகர்வு அன்று; அதிற் கூர்ந்த வாசிப்பும் முழுமையான உழைப்பும் உள. அது கலகமும் அன்று. ஏனெனில், உருவத்தின் உடைமையையோ மூலப்பொருள்களின் உற்பத்தி உறவையோ அது தீண்டுவதில்லை. மனித உழைப்பு எவ்வாறிருக்கக் கூடும் என்பதை அது ஒரு வார இறுதியின் அளவுக்குக் காட்டுகின்றது. வாரத்தின் ஏனைய நாள்கள் ஏன் அவ்வாறில்லை என்று கேட்பதில்லை.

அவ்வினாவைத் தொடுப்பது விமர்சகரின் கடமை. 1995இல் கிறகரி மக்வாயர் எழுதிய ‘விக்கெட்’ நாவலும், 2003இல் அரங்கேறிய அதன் இசை நாடகமும், அவற்றின் வழிவந்த திரைப்படமும் சூனியக்காரியை அநீதியை எதிர்த்தமையாற் பழிக்கப்பட்ட பெண்ணாகச் சித்திரித்தன. அவ்வேடத்தை இன்று விரும்பித் தைப்போர் பலர் இக்கருத்தினாற் கவரப்பட்டவரே. பழிக்கப்பட்ட பெண்ணோடு தம்மை இனங்காணும் அவ்வுணர்வு, அவ்வங்கியின் துணியை நெய்த பெண்ணையும் நூலை முறுக்கிய பெண்ணையும் இனங்காணும் வரை விரிவடையுமாயின், வேடம் வேடமாக மட்டும் நின்றுவிடாது. அவ்விரிவு தானாக நிகழ்வதன்று. தையற்கலையின் நுட்பத்தை மதிக்கவும், அதன் உற்பத்தி உறவுகளை வெளிக்கொணரவும் ஒருங்கே வல்லதொரு விமர்சனம் அதற்கு வேண்டும். கைவினையை இகழும் விமர்சனமும், அதனை வியந்து மட்டும் நிற்கும் விமர்சனமும் அப்பணிக்குப் போதா.