தலை யாரு? எபேசியர் நிருபத்தை எங்கள் தெருவில் வைத்து ஒரு வாசிப்பு

வேங்கிக்காலில் போன தை மாதம் ஒரு கலியாணம். பொண்ணு எங்க தெரு. ஆராதனையில் எபேசியர் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தை வாசித்தார்கள். 22ஆம் வசனத்தில் தொடங்கி அதிகாரம் முடிகிறவரைக்கும். பிறகு பிரசங்கம். 'ரெண்டு தலை இருந்தா அதுக்குப் பேரு குடும்பம் இல்ல, பூதம்' என்று போதகர் சொன்னதும் ஆம்பிளைங்க பக்கம் ஒரே சிரிப்பு. என் பக்கத்தில் ஒரு கிழவி. காலமெல்லாம் நடவுக்கும் களைக்கும் போன உடம்பு. என் காதுக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னது: 'தலை அவன்தான், யாரு இல்லேன்னா? அந்தத் தலைக்குத் தெனமும் கஞ்சி ஊத்துறது எந்தக் கை?'

கிழவி கேட்டது வீட்டைப் பற்றி. நான் புத்தகத்தைப் பற்றிக் கேட்கிறேன். அன்றைக்கு வாசிப்பு எங்கே தொடங்கியது? எங்கே நின்றது?

22க்கு முந்தின வசனம், எல்லாரும் ஒருவருக்கொருவர் பணிந்திருக்கச் சொல்கிறது. அதை விட்டுவிட்டார்கள். அதை விட்டால் அடுத்தது நிற்காது. கிரேக்கத்தின் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் 22ஆம் வசனத்துக்குத் தனி வினைச்சொல்லே கிடையாது. 21இல் இருக்கிற வினையைத்தான் அது கடன் வாங்குகிறது. அதாவது பொண்டாட்டிக்குச் சொன்னது, எல்லாருக்கும் சொன்னதன் தொடர்ச்சி. நம்ம பதிப்புகளில் நடுவில் ஒரு தலைப்பைப் போட்டு வாக்கியத்தை இரண்டாக வெட்டி வைக்கிறார்கள். வெட்டினபிறகு பெண்ணின் கழுத்தில் மட்டும் கட்டளை விழுகிறது.

நின்ற இடம் இதைவிட முக்கியம். ஐந்தாம் அதிகாரத்தோடு பட்டியல் முடியவில்லை. ஆறாம் அதிகாரத்தில் பிள்ளைகள் வருகிறார்கள், அதன்பின் அடிமைகள். புருஷன் பொண்டாட்டி, தகப்பன் பிள்ளை, எஜமான் அடிமை. இந்த மூன்று சோடியும் பவுலடிகள் காலத்துக்கு முந்நூறு வருசத்துக்கும் மேல் முன்னாடியே அரிஸ்டாட்டிலின் 'அரசியல்' நூலில் இருக்கிறது. வீட்டை ஆளுவது எப்படி என்கிற கிரேக்கப் பாடம் அது. 'கிறிஸ்துவில் ஆணென்றும் பெண்ணென்றும் அடிமையென்றும் பிரிவில்லை' என்கிற கருத்தைக் கலாத்தியர் நிருபத்தில் எழுதிவைத்த இயக்கம், பிறகு ரோமப் பேரரசின் குடும்ப ஒழுங்குக்கு இறங்கிப்போனதைத்தான் இந்தப் பட்டியல் காட்டுகிறது என்று எலிசபெத் ஷூஸ்லர் ஃபியோரென்சா 1983இல் வாதிட்டார். அந்த வாதத்தை நான் ஏற்கிறேன்.

இனி தமிழ்ப் பிரதிக்கு வருவோம். பெரும்பாலான சீர்திருத்த சபைகளில் புழங்குகிற பழைய மொழிபெயர்ப்பில், ஆறாம் அதிகாரத்து அடிமைகள் 'வேலைக்காரர்' ஆகிவிட்டார்கள். மூலத்தில் இருப்பது அடிமை என்கிற சொல். அதே சொல் மூன்று வசனம் தள்ளி வரும்போது இதே மொழிபெயர்ப்பு 'அடிமை' என்றே எழுதுகிறது. ஆக, சொல் தெரியாமல் இல்லை. கீழ்ப்படியச் சொல்கிற இடத்தில் மட்டும் அடிமை வேலைக்காரனாகிறான். படியாளாக இருந்தவன் காதில் இது எப்படி விழுந்திருக்கும்? சம்பளம் வாங்குகிற வேலைக்காரனுக்குச் சொன்ன நல்ல புத்தியாகத்தான்.

இன்னொன்று. மூலத்தில் மனைவிக்கு ஒரு வினை, பிள்ளைக்கும் அடிமைக்கும் வேறு வினை. மனைவிக்குச் சொன்னது தானாகப் பணிந்திருத்தல், மற்றவர்களுக்குச் சொன்னது ஏவலுக்குக் கீழ்ப்படிதல். பழைய மொழிபெயர்ப்பு மூவருக்கும் 'கீழ்ப்படி' என்ற ஒரே சொல்லைப் போட்டு மூவரையும் ஒரே திண்ணைக்குக் கீழே நிறுத்தியது. 1995இல் வந்த திருவிவிலியம் இரண்டையும் பிரித்தது. அடிமையை அடிமை என்றே எழுதியது. மொழிபெயர்ப்பும் அரசியல்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ரோமர் 16இல் பெபேயாளுக்குக் கிரேக்கம் கொடுக்கிற பட்டம், சபையின் பணிப்பொறுப்பாளர்களுக்குக் கொடுக்கிற அதே பட்டம். அங்கேயே யூனியா என்கிற பெண்ணின் பேர் அப்போஸ்தலர் நடுவில் வருகிறது. எத்தனை பிரசங்கத்தில் இவர்கள் பேரைக் கேட்டிருக்கிறோம்?

தலைமை உண்டு என்பவர்கள் வாதத்தையும் நேர்மையாக வைக்க வேண்டும். 1987இல் அமெரிக்காவில் எழுதப்பட்ட டான்வர்ஸ் அறிக்கை அவர்களுடைய சாசனம். ஆணும் பெண்ணும் மதிப்பில் சமம், பங்கில் வேறு. இந்த வேறுபாடு பாவத்தால் வந்ததல்ல, படைப்பிலேயே இருக்கிறது. தலைவன் கிறிஸ்துவைப்போல உயிரைக் கொடுத்து நேசிக்க வேண்டும், அடக்கி ஆளக்கூடாது என்கிறார்கள். எதிர்த்தரப்பார் 'தலை' என்கிற கிரேக்கச் சொல்லுக்கு ஊற்று, தொடக்கம் என்கிற பொருளும் உண்டு என்கிறார்கள். நதிக்குத் தலை இருக்கிற மாதிரி. இரண்டு பக்கமும் பழைய கிரேக்க நூல்களை வரிவரியாகத் துழாவி இருக்கிறார்கள். இன்னும் முடியாத வழக்கு அது.

எனக்கு அந்த அகராதிச் சண்டை போதாது. 'மதிப்பில் சமம், பங்கில் வேறு' என்பதை நாம் எங்கே கேட்டோம்? 1936இல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' உரையை அச்சிட்டபோது, காந்தி 'ஹரிஜன்' இதழில் எழுதிய பதிலில் இதே தர்க்கம் இருக்கிறது. பிராமணன் தொழிலும் தோட்டி தொழிலும் கடவுள்முன் சமம், அவரவர் பரம்பரைத் தொழிலைச் செய்வதே தர்மம் என்பது அதன் சாரம். பிறக்கும்போதே பங்கைத் தீர்த்துவிட்டு, பிறகு பங்குகள் எல்லாம் சமம் என்று சொல்வதற்குப் பேர்தான் வருணம். ரிக் வேதத்துப் புருஷ சூக்தமும் ஓர் உடம்பைத்தான் காட்டுகிறது. வாய் ஒருத்தன், கால் ஒருத்தன். அந்த உடம்பில் நமக்கு இடமே இல்லை. உடம்பு உவமையைக் கேட்டதும் முதலில் பயப்பட வேண்டியவர்கள் நாம்தான். நம்ம ஆளுங்களே அதற்கு ஆமென் சொல்றாங்க.

அடிமைமுறை மனுசன் செய்தது, கலியாணம் தேவன் செய்தது, இரண்டையும் ஒன்றாக்காதே என்று பதில் வரும். சரி, ஆதியாகமத்துக்கே போவோம். 'துணை' என்று ஏவாளுக்குச் சொல்லப்பட்ட எபிரேயச் சொல், சங்கீதங்களில் கடவுளுக்கே சொல்லப்படுகிறது. துணை என்றால் கீழே இருப்பவர் என்று பொருளில்லை. புருஷன் ஆளுவான் என்கிற பேச்சு மூன்றாம் அதிகாரத்தில், மீறுதலுக்குப் பிறகுதான் வருகிறது. அதே இடத்தில்தான் நிலம் முள் முளைப்பிக்கும் என்பதும் வருகிறது. முள்ளை நாம வெட்டறோம், களை எடுக்கிறோம். சாபத்தை மதிக்கணும்னு எவனும் முள்ளை வளர விடறதில்ல. பொண்டாட்டியை ஆளுவதை மட்டும் ஏன் காப்பாத்தறோம்?

வேதம் முழுக்க நம்ம பக்கம்தான் என்று சொல்லி ஏமாற்ற மாட்டேன். தீமோத்தேயு முதல் நிருபம் ஆதாம் முதலில் உருவாக்கப்பட்டான் என்று காரணம் காட்டியே பெண்ணின் வாயை அடைக்கிறது. பேதுரு முதல் நிருபம் முரட்டு எஜமானுக்கும் அடங்கிப்போ என்று வேலையாளுக்குச் சொல்லிவிட்டு, 'அந்தப்படி' என்று ஒரு சொல்லைப் போட்டு மனைவிகளிடம் வருகிறது. சாராள் புருஷனை ஆண்டவன் என்று அழைத்தாளாம். ஆண்டவன், ஆண்டை: இரண்டுக்கும் வேர் ஒன்று. எங்க தாத்தன் வயலில் கூப்பிட்டதை எங்க ஆயா வீட்டில் கூப்பிட வேண்டுமா?

அமெரிக்கக் கறுப்பர்கள் இதை முன்னாடியே புரிந்துகொண்டார்கள். 1807இல் லண்டனில் மேற்கிந்தியத் தீவு அடிமைகளுக்கென்று ஒரு பைபிள் அச்சிட்டார்கள். இஸ்ரவேலர் எகிப்தைவிட்டு விடுதலையான கதையை எடுத்துவிட்டார்கள். கலாத்தியர் வசனம் கிடையாது. அடிமைகளே கீழ்ப்படியுங்கள் என்பது பத்திரமாக இருந்தது. ஹோவர்ட் தர்மன் 1949இல் எழுதிய நூலில் தன் பாட்டியைப் பற்றிச் சொல்கிறார். அடிமையாகப் பிறந்தவர், எழுதப்படிக்கத் தெரியாது. பேரனை பைபிள் வாசிக்கச் சொல்வார். பவுலின் நிருபங்களை மட்டும் பெரும்பாலும் வாசிக்க விடமாட்டார். எஜமானின் போதகர் அடிமை வசனத்தையே திரும்பத் திரும்பப் பிரசங்கித்ததுதான் காரணம். அந்தக் கிழவி செய்ததுதான் விமர்சனம்.

நமக்கு இதில் என்ன நட்டம் என்று கேட்கலாம். பாமாவின் 'சங்கதி' (1994) சொல்கிறது. அடிக்கிற புருஷனைத் தீர்த்துவிடும் வழக்கம் நம்ம சனத்தில் இருந்தது. வேதத்துக்கு வந்த பெண்களுக்குக் கோயில் அந்தக் கதவை மூடியது. 'அறுத்துக் கட்டுற சாதி' என்று மேல்சாதி நம்மை ஏசியது. அந்த ஏச்சை வெட்கமாக மாற்றிக் கையில் கொடுத்தது சபை. சட்டமும் கூடச் சேர்ந்தது. 1869ஆம் வருசத்து விவாகரத்துச் சட்டத்தில், பொண்டாட்டி சோரம் போனாள் என்று நிரூபித்தாலே புருஷனுக்கு விடுதலை. பொண்டாட்டிக்கு அது போதாது. கூடவே கொடுமையோ கைவிடலோ நிரூபிக்க வேண்டும். 2001இல்தான் திருத்தினார்கள். வெளியே ஆண்டைக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டினவனுக்கு, வீட்டில் தலை என்கிற பட்டம் இப்படித்தான் கிடைத்தது. அவன் பறிகொடுத்ததற்கு நட்டஈடு அவளிடம் வசூலிக்கப்பட்டது.

சபைகள் மாறவே இல்லையா? தென்னிந்தியத் திருச்சபை 1976இல் பெண்களைக் குருவாக்கத் தொடங்கியது. முதல் பெண் பேராயர் வர 2013 ஆனது. போப் இரண்டாம் ஜான் பால் 1988இல் எழுதிய பெண்கள் பற்றிய மடலில், பணிதல் இருவருக்கும் பொது என்றார். அடிமை ஒழிய எத்தனை தலைமுறை ஆனது என்றும் அதே இடத்தில் நினைவூட்டினார். 1994இல் அவரே பெண்களுக்குக் குருப்பட்டம் கிடையாது என்று கதவைச் சாத்தினார். மதுரை இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, நம்ம பரட்டை, கடவுளைப் 'பெத்தவரே' என்று அழைத்தார். தாயும் தகப்பனும் அடங்கின தெருச்சொல். ஒரே ஒலையில் பொங்கி எல்லாரும் உண்பதை இறையியலாக்கினார். 2005இல் போய்விட்டார். அவர் பாட்டை மேடையில் பாடுகிறோம். அந்த 'ஒரு ஒலை'யை அடுப்பில் ஏற்றுவது மட்டும் இன்னும் பெண்கள்தான்.

தனி பெஞ்சையும் தனிக் கல்லறையையும் எதிர்த்துப் பேசும்போது நாம் கலாத்தியர் வசனத்தை எடுக்கிறோம். அதில் சாதி நேரடியாக இல்லை. நாமே நீட்டிக்கொண்டோம், சரியாகவே நீட்டினோம். பெண் என்பது அதில் நேரடியாக இருக்கிறது. நீட்டவே வேண்டியதில்லை. ஒரே பட்டியலில் அடிமைக்குச் சொன்னது செல்லாது, மனைவிக்குச் சொன்னது செல்லும் என்கிற தலித் கிறித்தவனிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தது யார்?

அடுத்த கலியாணத்தில் 21இல் ஆரம்பிச்சு ஆறாம் அதிகாரம் ஒன்பதாம் வசனம் வரைக்கும் சேர்த்து வாசிக்கச் சொல்வோம். அடிமை என்கிற சொல்லோடு. அதைச் சத்தமாக வாசித்த பிறகும் எவனுக்காவது பிரசங்க மேடையில் சிரிப்பு வந்தால், அப்போது பேசிக்கொள்ளலாம்.